நாள் சீட்டு

முப்பத்தொரு வருஷம்
ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல்
நின்ற மனுஷன்.
இப்போது செல்லூர் வீட்டில்
ஓடாத தரைமேல் ஆடுகிறார்.

காலை ஏழு மணி.
வெள்ளிக் காகித உறையை நான் கத்தரிக்கிறேன்.
அவர் கிழித்த காலத்தில்
உறையோடு மருந்தும் கிழிந்தது.
உள்ளே பழுப்பாய், மெல்லிசாய் ஒரு பிளாஸ்திரி.
அதன் முதுகில் பால்பாயின்ட் பேனாவால்
தேதி போடுவது மட்டும்
இன்னும் அவர் உத்தியோகம்.
"இன்னிக்கு மட்டும்தான் செல்லும்" என்று நீட்டுவார்.
எட்டு என்று எழுதினால் கடுகளவு இருக்கிறது.
போன வருஷத்து எட்டு
மிளகளவு.

வளைத்து, பாதித் தாளை உரித்து,
விரல் படாமல் வைத்து, மீதியை உரித்து
உள்ளங்கையால் அழுத்தி
முப்பது எண்ண வேண்டும்.
பதினெட்டில் ஒருநாள் மீன்காரர் கூப்பிட்டார்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

ஒட்டிய இடத்தில்
பதினான்கு நாளைக்குத் திரும்ப ஒட்டக்கூடாது.
"இன்னிக்கு எந்த ஸ்டாப்பிங்?" என்பார்.
வலது தோள் ஆரப்பாளையம்.
அடிவயிறு சிம்மக்கல்.
இடது தொடைக்கு அவர் வைத்திருக்கிற பேரை
இங்கே சொல்லமாட்டேன்.
உரித்த இடத்தில் சிவந்த சதுரம்
ரெண்டு நாளைக்கு இருக்கும்,
ஆள் இறங்கிய சீட்டில்
சூடு மாதிரி.

மாசியில் நான்கு குடை வாங்கி வந்தார்.
மறுநாள் விளக்குத்தூண் போய் இன்னும் மூன்று.
மழைக்கா என்றேன்.
"வாங்கணும்போல இருந்துச்சு."
டாக்டர் சிரிக்கவில்லை.
இந்த மருந்து சிலரை அப்படியும் செய்யும் என்று
அளவைக் குறைத்தார்.
ஐந்து குடையைக் கடைக்காரர்
திருப்பி எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் நானும் வாயைத் திறந்தேன்.
டாக்டர், எனக்குக் கால்.
வலி இல்லை. மரத்துப்போவதும் இல்லை.
படுத்த கால்மணி நேரத்தில்
முட்டிக்குக் கீழே, எலும்புக்குள்
யாரோ கோலி சோடா உடைக்கிறார்கள்.
எழுந்து நடந்தால் அடங்கும்.
படுத்தால் அடுத்த பாட்டில்.
பதினொரு வருஷம் மொட்டைமாடியில் நடந்திருக்கிறேன்,
கீழே விசைத்தறி, மேலே நான்.
வாயு என்றார்கள்.
எதிர்வீட்டு நூருன்னிசா, இரும்புச்சத்து பாரு என்றாள்.
பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது.
டாக்டர் அதே மருந்தை எழுதினார்,
சதுரம் மட்டும் சின்னது.

அலமாரியில் இப்போது ரெண்டு பெட்டி.
என்னை அரை டிக்கெட் என்கிறார்.
எனக்கு அவர்தான் ஒட்டுகிறார்.
தோளின் பின்பக்கம் அவர் உள்ளங்கை
முப்பதும் எண்ணி முடிக்கும் வரை அதிர்கிறது.
நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸின் கடைசி சீட்டில்
உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்.

சித்திரை. கரண்ட் போன ராத்திரி.
வேர்வையில் அவருடையது கழன்றுவிட்டது.
விடிந்தபோது கட்டிலோரம்
எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.
என்னைக் கூப்பிடவும் இல்லை.
தலையணை, பனியன், போர்வை மடிப்பு,
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தும் பார்த்தேன்.
இல்லை.
புதுசை ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனேன்.

என் குதிகாலில் இருந்தது.
தூசி, ஒரு நரைமுடி,
கடுகளவில் பதினேழு.

ராத்திரி மாடிக்கு ஏறவில்லை என்று
அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஈரக்காலோடு போய்க் காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"அடுத்தவன் டிக்கெட்டுல
எவ்வளவு தூரம் வந்தே?"

முகம் சிரிப்பதை விட்டு
ரெண்டு வருஷமாகிறது.
தோள் மட்டும் குலுங்கியது.
நடுக்கம் அப்படி இருக்காது.
எனக்குத் தெரியும்.